ஆட்டம் கண்டுபிடித்தால் போதுமா? விதியை எழுத வேண்டாமா?

காரைக்குடியில் ஒரு வீடு.

பெரிய வீடு. முகப்பில் திண்ணை. உள்ளே வளவு. தரை முழுவதும் ஆத்தங்குடிக் கல். கோடை விடுமுறை. வெளியே வெயில் கொளுத்துகிறது. உள்ளே குளுகுளு என்று இருக்கிறது.

திண்ணையில் அண்ணனும் தங்கையும் உட்கார்ந்திருக்கிறார்கள். அண்ணனுக்கு வயது 12. தங்கைக்கு 9. நடுவே சதுரங்கப் பலகை.

"எப்போதும் ஒரே ஆட்டந்தானா? நான் ஒரு புது ஆட்டம் கண்டுபிடிச்சிருக்கேன்" என்கிறான் அண்ணன்.

"என்ன ஆட்டம்?"

"புலிச் சதுரங்கம்! ராணியை எடுத்துடுவோம். அந்த இடத்தில் புலியை வைப்போம். ஆடுபுலி ஆட்டத்துப் புலி மாதிரி அது தாண்டித் தாண்டி வெட்டும்."

தங்கைக்கு ஒரே குஷி. உள்ளே ஓடினாள். இரண்டு புளியங்கொட்டைகளோடு வந்தாள். ஒன்றைத் தரையில் உரசி வெள்ளையாக்கினாள். அது வெள்ளைப் புலி. உரசாதது கறுப்புப் புலி. ஆட்டம் ஆரம்பமாயிற்று.

பத்து நிமிஷம் ஒழுங்காக நடந்தது.

அதன்பின் அண்ணனுடைய புலி ஒரு சிப்பாயைத் தாண்டியது. இறங்கிய இடத்திலிருந்து இன்னொரு சிப்பாயையும் தாண்டியது.

"அது எப்படி? ஒரு தடவைதானே தாண்டலாம்?"

"புலிக்குப் பசியா இருந்தா இரண்டு தடவை தாண்டும்!"

தங்கை ஒன்றும் பேசவில்லை. சிறிது நேரம் சென்றது. அவளுடைய புலிக்கும் பசி வந்தது. அண்ணனின் குதிரையைத் தாண்டியது. அடுத்து மந்திரியையும் தாண்டியது.

"அதெல்லாம் கூடாது! இரண்டு தடவை தாண்டுறது சிப்பாய்க்கு மட்டுந்தான்!" என்றான் அண்ணன்.

அவ்வளவுதான். பலகை ஒரு பக்கம் பறந்தது. காய்கள் ஒரு பக்கம் உருண்டன. தங்கையின் அழுகை வளவு வரை கேட்டது.

உள்ளே இருந்து அப்பத்தா வந்தாள். இரண்டு பேரிடமும் கதையைக் கேட்டாள். அடிக்கவில்லை. திட்டவில்லை. அண்ணனைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஆட்டம் உன்னுது. சரி. விதியும் உன் வாயிலேயே இருந்தா, அவ எதைப் பார்த்து ஆடுவா?"

இந்த வீடு கற்பனை வீடுதான். அண்ணனும் தங்கையும் அப்பத்தாவும் கற்பனைதான். ஆனால் இந்தச் சண்டை நடக்காத வீடு எது? அப்பத்தாவின் கேள்வியும் கற்பனைக் கேள்வி அல்ல. உலகத்தின் பெரிய சதுரங்க வீரர்களும் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது!

எழுத்துக்குப் பேர் போன சீமை

செட்டிநாடு எழுத்துக்குப் பேர் போன சீமை. நகரத்தார் பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் கொடுக்கல் வாங்கல் செய்தார்கள். கடல் கடந்த தொழில். பல லட்சம் புரண்ட தொழில். அது எதன் பலத்தில் நின்றது? எழுத்தின் பலத்தில் நின்றது. கொடுத்த காசு, வாங்கிய காசு, வட்டி, தவணை எல்லாம் பேரேட்டில் ஏறின.

கணக்கு மட்டுமா? கல்யாணத்தையும் எழுதினார்கள். நகரத்தார் வீட்டுத் திருமணத்தில் 'இசைகுடிமானம்' எழுதுவது பழைய வழக்கம். மணமக்களின் ஊர், கோயில், குடும்ப விவரங்களை இரு வீட்டாரும் கூடி எழுத்தில் பதிவார்கள். யாருக்கு என்ன முறை செய்ய வேண்டும் என்பதற்கு முறைச்சிட்டை உண்டு.

காரணம் எளிது. எழுதி வைத்தால் பின்னால் சண்டை வராது. வந்தாலும் எடுத்துப் பார்க்கலாம்.

ஆனால் அதே வீட்டுத் திண்ணையில் ஆடிய ஆட்டங்களின் கதை வேறு. தாயம், பல்லாங்குழி, ஆடுபுலி ஆட்டம் ஆகியவற்றின் விதிகள் பெரும்பாலும் வாய் வழியாகவே வந்தன. பாட்டி சொன்னாள். அம்மா கேட்டாள். அம்மா சொன்னாள். மகள் கேட்டாள்.

வாய் வழி வந்ததால் என்ன ஆயிற்று? ஊருக்கு ஒரு விதி ஆயிற்று!

3 புலியும் 15 ஆடும்

ஆடுபுலி ஆட்டத்தைப் பாருங்கள். முக்கோணம் போல ஒரு கட்டம். அதன் குறுக்கே கோடுகள். கோடுகள் சந்திக்கும் இடங்கள் 23. ஒருவருக்கு 3 புலிகள். மற்றவருக்கு 15 ஆடுகள். புலி, ஆட்டைத் தாண்டினால் ஆடு போச்சு. ஆடுகள் கூடிப் புலிகளை நகர விடாமல் அடைத்தால் புலி தோற்றது. தமிழ்நாட்டுக் கோயில் மண்டபங்களில் கல் தரையிலேயே இப்படிப்பட்ட ஆட்டக் கட்டங்களைக் கீறி வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அடுத்த கேள்வியைக் கேட்டால் பதில் மாறும்.

15 ஆடுகளையும் இறக்கிய பிறகுதான் ஆடு நகரலாமா? அதற்கு முன்னாலேயே நகரலாமா? புலி ஒரு முறையில் ஓர் ஆட்டைத்தான் தாண்டலாமா? தொடர்ந்து தாண்டலாமா? எத்தனை ஆடு போனால் ஆடு வைத்திருப்பவர் தோற்றதாகக் கணக்கு?

ஒரு வீட்டில் ஒரு பதில். பக்கத்து வீட்டில் வேறு பதில்.

நேபாள நாட்டிலும் இதுபோன்ற ஆட்டம் உண்டு. அங்கே அதன் பெயர் 'பாக் சால்'. ஆனால் கட்டம் சதுரம். இடங்கள் 25. புலிகள் 4. ஆடுகள் 20. ஒரே குடும்பத்து ஆட்டம். ஆனால் அதை வைத்து இதை ஆட முடியாது.

பல்லாங்குழியும் அப்படியே. குழிகள் 14. சில வீடுகளில் குழிக்கு 5 முத்து. சில வீடுகளில் 6. கல்யாணமாகி வேறு ஊர் போன பெண், அங்கே முதல் முறை பல்லாங்குழி ஆடும்போது திகைத்துப் போவாள். "எங்கள் ஊரில் இப்படி இல்லையே!" என்பாள். வீட்டுக்குள் நடக்கும் ஆட்டமானால் சிரித்துவிட்டுப் போகலாம். ஊரோடு ஊர் மோதும் பந்தயமானால் என்ன செய்வது?

சதுரங்கத்துக்கும் வந்தது அந்தக் கஷ்டம்

சதுரங்கம் இந்தியாவில் பிறந்தது. யானை, குதிரை, தேர், காலாள் என்ற நால்வகைப் படைதான் அதன் பெயருக்குக் காரணம். இங்கிருந்து பாரசீகம் போயிற்று. அரபு நாடுகளுக்குப் போயிற்று. ஐரோப்பா போயிற்று. போன இடத்தில் விதிகள் மாறின. மாறிய ஆட்டம் திரும்பி வந்தபோது, பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் ஒத்துப்போகவில்லை!

பழைய இந்தியச் சதுரங்கத்தில் சிப்பாய் முதல் நகர்த்தலிலும் ஒரு கட்டந்தான் போகும். ஐரோப்பிய ஆட்டத்தில் முதல் நகர்த்தலில் 2 கட்டம் போகலாம். இந்திய ஆட்டத்தில் பல இடங்களில் ராஜா ஒரே ஒரு தடவை குதிரை போலப் பாயலாம். ஐரோப்பிய ஆட்டத்தில் அது கிடையாது. அதற்குப் பதில் ராஜாவும் யானையும் சேர்ந்து 'கோட்டை கட்டும்' முறை உண்டு. இந்தியாவுக்குள்ளேயே மாகாணத்துக்கு மாகாணம் வித்தியாசம்.

பஞ்சாபில் பிறந்த மீர் சுல்தான் கான் இந்திய முறையில் ஆடிப் பழகியவர். பிறகு ஐரோப்பிய விதிகளைக் கற்றார். 1929-ல் இங்கிலாந்துக்குப் போனார். அதே ஆண்டில் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். 1932-லும் 1933-லும் மறுபடி ஜெயித்தார். உலக சாம்பியனாக இருந்த கேபபிளாங்காவையே ஓர் ஆட்டத்தில் தோற்கடித்தார். அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, 2024-ல் கௌரவ கிராண்ட் மாஸ்டர் பட்டம் கொடுத்தார்கள்.

அவ்வளவு பெரிய மூளை! அதுவும் பழைய விதியை மறந்து புது விதியைப் பழக வேண்டியிருந்தது. இந்தியாவில் அவரைப் போலத் திறமை படைத்தவர்கள் எத்தனை பேர், உள்ளூர் விதியோடு உள்ளூரிலேயே நின்றுபோனார்களோ!

தமிழ்நாட்டில் அந்த நிலையை மாற்றியவர்களில் முக்கியமானவர் மானுவல் ஆரோன். பிறந்தது பர்மாவில். வளர்ந்தது தமிழ்நாட்டில். 1961-ல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனார். தேசிய சாம்பியன் பட்டத்தை 9 முறை வென்றார். உலக விதிப்படி ஆடும் பழக்கம் இங்கே வேரூன்ற அவர் பாடுபட்டார். சென்னையில் அவர் தொடங்கிய தால் சதுரங்கக் கழகத்தில்தான் சிறுவன் விசுவநாதன் ஆனந்த் ஆடப் பழகினான். அந்தச் சிறுவன் பிறகு உலக சாம்பியன் ஆனது எல்லோருக்கும் தெரிந்த கதை. 2022-ல் மாமல்லபுரத்தில் உலக ஒலிம்பியாட் நடந்தது. 2024-ல் சென்னை குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனார்.

பல நாட்டாரும் மாமல்லபுரத்துக்கு வந்து, ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாமலே, சண்டையில்லாமல் ஆடினார்களே, எப்படி? விதி ஒன்று. அது எழுத்தில் இருக்கிறது. உலகச் சதுரங்கச் சம்மேளனம் 1924-ல் பாரிஸ் நகரில் பிறந்தது. விதிகளை ஒன்றாக்கி எழுதுவதை அது ஒரு முக்கிய வேலையாகக் கொண்டது.

பிஷரின் புது ஆட்டம்

சரி, திண்ணைக்கு வருவோம். அண்ணன் புது ஆட்டம் கண்டுபிடித்தான். அது தப்பா?

தப்பே இல்லை! உலக சாம்பியன்களே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

அமெரிக்காவின் பாபி பிஷர் 1972-ல் உலக சாம்பியன் ஆனவர். ஆரம்ப நகர்த்தல்களை எல்லோரும் மனப்பாடம் செய்துகொண்டு ஆடுகிறார்களே என்பது அவருடைய குறை. 1996 ஜூன் மாதம், அர்ஜென்டினா நாட்டின் பியூனஸ் அயர்ஸ் நகரில் ஒரு புது ஆட்டத்தை அறிவித்தார்.

சிப்பாய்கள் எப்போதும் போல நிற்கும். அவற்றுக்குப் பின்னால் உள்ள 8 காய்களைச் சீட்டுக் குலுக்குவது போலக் குலுக்கி நிறுத்த வேண்டும். ஆனால் 2 நிபந்தனைகள். 2 மந்திரிகளில் ஒன்று வெள்ளைக் கட்டத்திலும் மற்றது கறுப்புக் கட்டத்திலும் நிற்க வேண்டும். ராஜா 2 யானைகளுக்கும் நடுவில் எங்காவது நிற்க வேண்டும். எதிராளியின் காய்களும் அதே வரிசையில் நேருக்கு நேர் நிற்கும்.

இப்படி எத்தனை விதமாக நிறுத்தலாம்? கணக்குப் போடுவோம். வெள்ளைக் கட்டங்கள் 4. அதில் ஒரு மந்திரி. கறுப்புக் கட்டங்கள் 4. அதில் ஒரு மந்திரி. 4 தடவை 4, 16 விதம். மீதி 6 கட்டங்களில் ஒன்றில் ராணி. 16 தடவை 6, 96. மீதி 5 கட்டங்களில் 2 குதிரைகளை 10 விதமாக வைக்கலாம். 96 தடவை 10, 960. கடைசி 3 கட்டங்களில் யானை, ராஜா, யானை. அதற்கு ஒரே வழிதான். ஆக 960. அதனால்தான் இந்த ஆட்டத்துக்கு '960 சதுரங்கம்' என்று பெயர்.

எல்லாம் சரி. ஓர் இடத்தில் சிக்கல் வந்தது. ராஜாவும் யானையும் எங்கெங்கோ நிற்கின்றன. கோட்டை கட்டுவது எப்படி? 'ராஜா யானைப் பக்கம் 2 கட்டம் நகர வேண்டும்' என்ற பழைய விதி இங்கே செல்லாது. 960 நிலைக்கும் 960 விதி எழுத முடியுமா?

இங்கேதான் புத்தி வேலை செய்தது. எப்படிப் போக வேண்டும் என்று எழுதுவதை விட்டார்கள். எங்கே போய் நிற்க வேண்டும் என்று எழுதினார்கள். ராஜாவும் யானையும் எங்கிருந்து புறப்பட்டாலும் சரி. கோட்டை கட்டி முடித்தபின், வழக்கமான ஆட்டத்தில் எங்கே நிற்குமோ அங்கேதான் நிற்க வேண்டும். 960 நிலைக்கும் ஒரே விதி!

இன்று அந்த விதி உலகச் சம்மேளனத்தின் விதிப் புத்தகத்தில் பின்னிணைப்பாக இடம் பெற்றிருக்கிறது. 2019-ல் நார்வே நாட்டில் சம்மேளனத்தின் அங்கீகாரத்தோடு உலகப் போட்டியே நடந்தது. பிஷரின் யோசனை பெரிது. அந்த யோசனை பிழைத்ததற்குக் காரணம், முன்பின் தெரியாதவனும் படித்து ஆடும்படி அது எழுதப்பட்டதுதான்.

ஆனந்த் ஆடிய ஒரு வரி ஆட்டம்

இன்னொரு ஆட்டமும் உண்டு. அதைச் சொன்னவர் முன்னாள் உலக சாம்பியன் விளாடிமிர் கிராம்னிக். விதி எவ்வளவு நீளம் தெரியுமா? ஒரே வரி! 'கோட்டை கட்டக்கூடாது, மற்றதெல்லாம் எப்போதும் போல.'

2021 ஜூலையில் ஜெர்மனியின் டார்ட்முண்ட் நகரில் இந்த ஆட்டத்தை ஆனந்தும் கிராம்னிக்கும் ஆடினார்கள். 4 ஆட்டங்கள். ஆனந்த் இரண்டரைக்கு ஒன்றரை என்ற கணக்கில் ஜெயித்தார்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. புது விதி நீளமாக இருக்க வேண்டியதில்லை. 'மற்றதெல்லாம் எப்போதும் போல' என்ற ஒரு வரி நூறு வரிக்குச் சமம். எல்லோருக்கும் தெரிந்த ஆட்டத்தின் மேல் புது ஆட்டத்தைக் கட்டினால், மாறியதை மட்டும் சொன்னால் போதும்.

தமிழில் எழுதும்போது கவனம்

விதி எழுதுவது கதை எழுதுவது போல அல்ல. பேச்சில் தப்பாத சொல், விதியில் தப்பிவிடும்.

'ஒரு கட்டம் தாண்டிப் போகலாம்' என்று எழுதினால் என்ன அர்த்தம்? அடுத்த கட்டத்துக்குப் போகலாமா? அடுத்த கட்டத்தை விட்டு அதற்கு அப்பால் போகலாமா? இரண்டு பேர் இரண்டு விதமாகப் படிப்பார்கள். சண்டை நிச்சயம்!

'பக்கத்துக் கட்டம்' என்றால் இடமும் வலமும் மட்டுமா? மூலையில் தொட்டுக்கொண்டிருக்கும் கட்டமும் பக்கமா?

'அது அதைத் தாண்டினால் அது போய்விடும்.' வீட்டில் இப்படித்தான் பேசுகிறோம். விரலால் சுட்டிக் காட்டுவதால் புரிகிறது. தாளில் விரல் இல்லை! எது எதைத் தாண்டினால் எது போகும் என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். பெயர் திரும்பத் திரும்ப வந்தால் வரட்டும். காதுக்கு அழகு குறையலாம். கருத்துக்குத் தெளிவு கூடும்.

பெயரிலும் குழப்பம் உண்டு. தமிழ்நாட்டில் பலர் இன்று ராஜாவுக்கு அடுத்த பெரிய காயை ராணி என்கிறார்கள். பழைய இந்திய ஆட்டத்தில் அதுவே மந்திரி. இன்று மந்திரி என்பது வேறு காய். ஆகவே எந்தக் காய்க்கு எந்தப் பெயர் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், 'லாம்' என்பதும் 'வேண்டும்' என்பதும். 'வெட்டலாம்' என்றால் விருப்பம். 'வெட்ட வேண்டும்' என்றால் கட்டாயம். 'வெட்டக்கூடாது' என்றால் தடை. சதுரங்கத்தில் வெட்டுவது விருப்பம். சிப்பாய் கடைசி வரிசைக்குப் போனால் வேறு காயாக மாறுவது கட்டாயம். எந்தக் காயாக மாறலாம், எந்த நிறமாக இருக்க வேண்டும் என்பதைக்கூட உலக விதி சொல்கிறது. 'தன் நிறக் காய்' என்று எழுதாவிட்டால், எதிரியின் நிறத்தில் ஒரு காயை வைத்து அவன் வழியை அடைக்க ஒரு கெட்டிக்காரன் கிளம்பிவிடுவான்!

ஆட்டம் எப்படி முடிகிறது என்பதையும் விடக்கூடாது. ராஜாவுக்குச் 'செக்' இல்லை. ஆனால் நகர்த்த ஒரு காயும் இல்லை. அப்போது என்ன? இன்று அது சமநிலை. 17, 18-ம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில், எதிரியை அப்படி அடைத்தவனே தோற்றவன்! ஒரே நிலை, விதி மாறினால் ஜெயித்தவன் தோற்றவன் ஆகிறான்.

புலிச் சதுரங்கம்: எழுதிய விதிகள்

அப்பத்தாவின் சொல்லைக் கேட்டு அண்ணன் நோட்டுப் புத்தகத்தை எடுத்தான் என்று வைத்துக்கொள்வோம். தங்கை கேள்வி கேட்கிறாள். அவன் எழுதுகிறான். இப்படி வரும்:

1. இந்த ஆட்டத்தில் ராணி இல்லை. ராணி நிற்கும் கட்டத்தில் புலி நிற்கும்.

2. கீழே சொன்னவை தவிர, மற்றதெல்லாம் வழக்கமான சதுரங்க விதிகளே.

3. புலியைத் தொட்டாற்போல் சுற்றிலும் உள்ள 8 கட்டங்களில், காலியான ஒன்றுக்குப் புலி நகரலாம்.

4. அந்த 8 கட்டங்களில் ஒன்றில் எதிரியின் காய் இருந்து, அதே நேர்கோட்டில் அதற்கு அடுத்த கட்டம் காலியாக இருந்தால், புலி அந்தக் காயைத் தாண்டிக் காலிக் கட்டத்தில் இறங்கலாம். தாண்டப்பட்ட காய் வெட்டப்பட்டது. வேறு எந்த விதத்திலும் புலி வெட்டக்கூடாது.

5. ஒரு முறையில் புலி ஒரு தடவைதான் தாண்டலாம்.

6. புலி தன் பக்கத்துக் காயைத் தாண்டக்கூடாது.

7. தாண்டுவது விருப்பம். கட்டாயம் அல்ல.

8. 4-ம் விதிப்படி புலி தாண்டக்கூடிய இடத்தில் எதிரியின் ராஜா நின்றால், அது 'செக்'.

9. புலியை மற்றக் காய்கள் வழக்கம்போல் வெட்டலாம். ஒரு புலியை எதிரிப் புலி 4-ம் விதிப்படி வெட்டலாம்.

10. கோட்டை கட்டுதல் இல்லை.

10-ம் விதி ஏன் வந்தது? கோட்டை கட்டும்போது ராஜா அபாயமான கட்டத்தைக் கடக்கக்கூடாது என்பது வழக்கமான விதி. தாண்டி வெட்டும் புலி இருக்கும்போது அபாயமான கட்டம் எது என்று விளக்க அரைப் பக்கம் வேண்டும். அண்ணன் யோசித்தான். ஆனந்த் கோட்டை இல்லாமலே ஆடினாரே! அந்தப் பகுதியையே எடுத்துவிட்டான். எழுத முடியாமல் திணற வைக்கும் விதி, பல சமயம் ஆட்டத்துக்கே தேவையில்லாத விதி.

எழுதி முடித்ததும் ஒரு வேடிக்கை தெரிந்தது. ராஜா மூலைக் கட்டத்தில் நின்றால் புலியால் 'செக்' கொடுக்கவே முடியாது! தாண்டி இறங்க அப்பால் கட்டம் இல்லையே! இன்னொன்று: ராஜாவுக்குப் புலியால் 'செக்' வந்தால், ராஜாவுக்குப் பின்னால் உள்ள காலிக் கட்டத்தில் ஒரு காயை நிறுத்தியும் தப்பிக்கலாம். ஆடுபுலி ஆட்டத்தில் ஆடுகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக நின்று தப்பிப்பது போலவே! ஆட்டத்தைக் கண்டுபிடித்த அண்ணனுக்கே இது முன்பு தெரியாது. எழுதிய பிறகுதான் அவனுடைய ஆட்டம் அவனுக்குப் புரிந்தது.

வாயை மூடிக்கொண்டு ஒரு பரீட்சை

எழுதியாயிற்று. சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அதற்கு ஒரு பரீட்சை உண்டு. ஆட்டத்தை இதுவரை பார்க்காத ஒருவரிடம் தாளைக் கொடுக்க வேண்டும். எதிர் வீட்டுப் பையன் போதும். அவன் இன்னொருவனோடு ஆடட்டும். கண்டுபிடித்தவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் வாயைத் திறக்கக்கூடாது! 'அப்படி இல்லை, இப்படி' என்று சொல்ல வாய் துடிக்கும். துடிக்கும் இடமெல்லாம் தாளில் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம்.

எதிர் வீட்டுப் பையன் என்ன கேட்பான்? "சிப்பாய் கடைசி வரிசைக்கு வந்திடுச்சு. இப்போ ராணி ஆகணுமா? இந்த ஆட்டத்திலேதான் ராணியே இல்லையே!"

அண்ணன் விழிப்பான். 11-ம் விதி பிறக்கும்: 'கடைசி வரிசையை அடைந்த சிப்பாய், தன் நிறத்தில் புலி, யானை, மந்திரி, குதிரை ஆகிய நான்கில் ஒன்றாக மாற வேண்டும்.'

எல்லாவற்றையும் எழுத முடியுமா?

'விளையாட்டுக்கு இவ்வளவு சட்டமா?' என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி.

எல்லாவற்றையும் எழுத முடியாது. உலகச் சதுரங்க விதிப் புத்தகமே தன் முன்னுரையில் இதை ஒப்புக்கொள்கிறது. நடக்கக்கூடிய எல்லா நிலைமைக்கும் விதி எழுத முடியாது; அளவுக்கு மீறி நுணுக்கமாக எழுதினால் நடுவரின் நியாய புத்திக்கு இடமில்லாமல் போகும் என்பது அதன் கருத்து. ஆட்டத்தின் நடுவே பூனை வந்து காயைத் தட்டிவிட்டால் என்ன செய்வது என்று விதி எழுத வேண்டாம். காயை எடுத்து வைத்துவிட்டு ஆடலாம்.

ஆனால் ஜெயிப்பதையும் தோற்பதையும் தீர்மானிக்கும் விஷயத்தை எழுதாமல் விடக்கூடாது. விட்டால், அந்த இடத்தை யார் நிரப்புவார்கள்? வயதில் பெரியவன் நிரப்புவான். குரல் உயர்ந்தவன் நிரப்புவான். பலகைக்குச் சொந்தக்காரன் நிரப்புவான். 9 வயதுத் தங்கை அழுதுகொண்டு உள்ளே போவாள்.

எழுதாத விதி பலசாலியின் பக்கம். எழுதிய விதி இருவருக்கும் நடுவில் நிற்கும். எழுதியவனையும் அது கட்டும். அண்ணன் எழுதிய 5-ம் விதியைக் காட்டித் தங்கை அவனையே தடுக்கலாம். அதுதான் எழுத்தின் பெருமை.

இது ஆட்டத்துக்கு மட்டுமா? கடன் பத்திரம், வாடகைச் சீட்டு, சங்கத்து விதி, சீட்டுக் கட்டும் கணக்கு எல்லாவற்றுக்கும் இதே நியாயந்தான். ஒரு காலத்தில் எழுத்து ஒருவனிடம் இருந்தது. கைநாட்டு மற்றவனிடம் இருந்தது. எழுதியது ஒன்று, வாயால் சொன்னது ஒன்று என்று ஏமாந்தவர்கள் அநேகம். இன்று படிக்கத் தெரிந்தவர்கள் பெருகியிருக்கிறார்கள். படிக்கத் தெரிந்தவர் எந்தத் தாளையும் படித்துவிட்டு, 'இந்த இடம் புரியவில்லை, தெளிவாக எழுதுங்கள்' என்று கேட்க வேண்டும். அதைக் கேட்கும் பழக்கம் திண்ணையிலேயே ஆரம்பிக்கட்டும்.

இந்த விடுமுறையில் ஒரு வேலை

ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அப்பத்தாவோ ஆயாவோ ஐயாவோ இருப்பார். அவர் சின்ன வயதில் ஆடிய ஆட்டம் ஒன்று அவர் மனத்தில் இருக்கும். அதன் விதி அவர் வாயில் மட்டும் இருக்கும். அவர் காலத்துக்குப் பிறகு அதைக் கேட்க ஆள் தேட முடியாது. கோயில் மண்டபத்துக் கல்லில் கட்டம் இருக்கும். எப்படி ஆடுவது என்று சொல்லக் கல்லுக்கு வாய் இல்லை.

ஆகவே பிள்ளைகள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு பெரியவர் பக்கத்தில் உட்கார வேண்டும். எத்தனை பேர் ஆடுவது? காய் எத்தனை? முதலில் எங்கே நிற்கும்? எப்படி நகரும்? எப்படி வெட்டும்? எப்போது முடியும்? இந்த 6 கேள்விகளைக் கேட்க வேண்டும். பதிலை எழுத வேண்டும். ஊர்ப் பெயரையும் தேதியையும் போட வேண்டும். 'எங்கள் ஊரில் இப்படி' என்று எழுதினால் போதும். பக்கத்து ஊரில் வேறு மாதிரி இருந்தால் அதையும் தனியாக எழுதலாம். எது சரி, எது தப்பு என்று சண்டை வேண்டாம். இரண்டும் பிழைக்கட்டும்.

புது ஆட்டம் கண்டுபிடிக்கும் பிள்ளைகளைப் பெரியவர்கள் தடுக்கவும் வேண்டாம். "படிக்கிற நேரத்தில் இது என்ன?" என்று அதட்டவும் வேண்டாம். "சபாஷ்! விதி எங்கே? எழுதிக் காட்டு" என்று கேட்டால் போதும். அந்த ஒரு பக்கத்தை எழுதி முடிப்பதற்குள் பிள்ளை தமிழும் படிப்பான், கணக்கும் படிப்பான், நியாயமும் படிப்பான்.

திண்ணையில் மறுபடி பலகை விரிந்திருக்கிறது. நோட்டுப் புத்தகம் பக்கத்தில் திறந்திருக்கிறது. தங்கையின் வெள்ளைப் புலி ஒரு குதிரையைத் தாண்டுகிறது. அண்ணன் வாய் திறக்கிறான். தங்கை 4-ம் விதியில் விரலை வைக்கிறாள்.

அண்ணன் குதிரையை எடுத்து அவள் கையில் கொடுக்கிறான். ஆட்டம் நடக்கிறது!